பாப்பிரஸ் துண்டு விலைக்கு வந்தால்: வாங்குவதா, விடுவதா, வேறு வழி உண்டா?

உள்ளங்கை அகலத்தில் ஒரு பாப்பிரஸ் துண்டு, அதாவது பண்டைய எகிப்தில் நீர்ச்செடி ஒன்றின் நாரால் செய்த தாள். பழுப்பேறிய நாரில் ஏழெட்டு வரி கிரேக்க எழுத்து. ஒரு பல்கலைக்கழக நூலகத்துக்கோ, அருங்காட்சியக அறக்கட்டளைக்கோ, தனிச் சேகரிப்பாளருக்கோ அது விலைக்கு வருகிறது. அப்போது முன்னால் இருப்பவை ஐந்து வழிகள். முறையான ஆவணங்களோடு பெரிய ஏல நிறுவனத்தில் வாங்கலாம். ஆவணம் குறைந்ததை இணையத்தில் மலிவாக வாங்கலாம். அழிந்துபோகாமல் காப்பதற்காக வாங்கி, படித்து வெளியிட்டு, எகிப்துக்கே திருப்பித் தரலாம். வாங்காமல் ஆய்வு மட்டும் செய்யலாம். அல்லது அந்தப் பணத்தை, ஏற்கெனவே பெட்டிகளில் படிக்கப்படாமல் கிடக்கும் பாப்பிரஸ்களுக்குச் செலவிடலாம்.

எங்கள் தேர்வு ஐந்தாவது. முதல் வழிக்குக் கடுமையான நிபந்தனைகளோடு இடம் தரலாம். இரண்டாவது வேண்டவே வேண்டாம். நல்ல நோக்கம் கொண்டவர்களையும் தடுமாற வைப்பது மூன்றாவது வழி, ஆகவே அதைப் பற்றிக் கூடுதலாகப் பேச வேண்டியிருக்கிறது.

தேதிகள் தெரியாமல் பேரம் பேசக்கூடாது

எகிப்திலிருந்து தொல்பொருளை வெளியே கொண்டுபோவதற்கான முதல் தடை 1835 இல், எகிப்தை ஆண்ட முகம்மது அலியின் ஆணையாக வந்தது. 1912 ஆம் ஆண்டின் 14 ஆம் எண் சட்டம் வணிகர்களுக்கு உரிமத்தையும், நாட்டை விட்டுப் போகும் பொருளுக்கு அனுமதிச் சீட்டையும் கட்டாயமாக்கியது. 1951 இல் வந்த 215 ஆம் எண் சட்டம் அதை இறுக்கியது. 1983 ஆம் ஆண்டின் 117 ஆம் எண் சட்டம் தொல்பொருள் வணிகத்தையே மூடிவிட்டது. தொல்பொருள் அனைத்தும் அரசின் சொத்து என்பது அதன் அடிப்படை. அதற்குப் பிறகு விற்பனைக்காக எகிப்தை விட்டுச் சட்டப்படி வெளியேற எந்தப் பாப்பிரஸுக்கும் வழியில்லை.

இவற்றோடு இன்னொரு தேதியும் உண்டு. பண்பாட்டுப் பொருள்களின் சட்டவிரோதக் கைமாற்றத்தைத் தடுக்கும் யுனெஸ்கோ உடன்படிக்கை 1970 நவம்பரில் நிறைவேறி, 1972 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. விற்பவர்கள் பலரும் "1970க்கு முன்பே எகிப்தை விட்டு வந்துவிட்டது" என்று சொல்லி, அதோடு எல்லாம் முறையாகிவிட்டது என்ற எண்ணத்தை உண்டாக்குகிறார்கள். அது சரியல்ல. 1970 என்பது அருங்காட்சியகங்களும் ஆய்வுச் சங்கங்களும் தங்களுக்கு வகுத்துக்கொண்ட நெறிமுறைக் கோடு. எகிப்தின் சட்டம் அதைவிடப் பழையது. 1960 இல் அனுமதி இல்லாமல் பெட்டியில் ஒளித்துக் கொண்டுவரப்பட்ட துண்டு, அன்றும் கடத்தல் பொருள்தான்.

வெளிநாட்டு நீதிமன்றங்கள் எகிப்தின் சட்டத்தைப் பொருட்படுத்தாது என்று எண்ணுகிறவர்கள், நியூயார்க் வணிகர் பிரெடரிக் ஷுல்ட்ஸ் வழக்கைப் பார்க்க வேண்டும். 2002 இல் அவருக்குத் தண்டனை வந்தது. 1983 சட்டத்தின்படி அரசுக்குச் சொந்தமான பொருள் அமெரிக்காவிலும் திருட்டுப் பொருளே என்பதை மேல்முறையீட்டு நீதிமன்றம் 2003 இல் உறுதி செய்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019/880 ஒழுங்குமுறை 2025 ஜூன் 28 முதல் முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. ஒன்றியத்துக்கு வெளியே தோண்டியெடுக்கப்பட்ட, 250 ஆண்டுக்கு மேற்பட்ட தொல்பொருளை உள்ளே கொண்டுவர, அதன் விலை எவ்வளவு குறைவானாலும் இறக்குமதி உரிமம் வேண்டும். இருநூறு யூரோத் துண்டுக்கும் இது பொருந்தும்.

முதல் வழி: ஆவணங்களோடு, பெரிய ஏலத்தில்

இதன் நல்ல பக்கத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு கிராஸ்பி–ஷோயன் சுவடி. பழைய எகிப்திய மொழியின் பிற்கால வடிவமான காப்டிக்கில் எழுதப்பட்ட இந்தப் பாப்பிரஸ் நூலை 1955 இல் மிசிசிப்பிப் பல்கலைக்கழகம் வாங்கியது. அங்கிருந்து கைமாறி 1988 இல் நார்வேச் சேகரிப்பாளர் ஷோயனிடம் சேர்ந்து, 2024 ஜூனில் லண்டன் கிறிஸ்டீஸ் ஏலத்தில் முப்பது லட்சம் பவுண்டுக்கும் மேல் விலைபோனது. எழுபதாண்டுக் கைமாற்றம் பொதுவெளியில் இருக்கிறது. ஆனால் இத்தனை தெளிவான சுவடியிலும் வாங்குபவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று மிஞ்சுகிறது: 1955க்கு முன்பு அது எகிப்தை விட்டு எப்படி வந்தது, அதற்கான சீட்டு எங்கே? ஒரு நூலகம் பல ஆண்டு வைத்திருந்தது என்பது, அந்த நூலகத்துக்கு வந்து சேர்ந்த விதத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

ஆவணங்கள் எல்லாமே ஒரே எடை கொண்டவை அல்ல. மிக வலுவானது, துண்டின் அகழாய்வு எண்ணும் அது அச்சான தொகுதியும் பக்கமும், கூடவே அகழாய்வு நிறுவனம் அதை இன்னாருக்குக் கொடுத்தது என்ற கடிதமும். அடுத்தது, யுனெஸ்கோ உடன்படிக்கை நடைமுறைக்கு வந்த 1972க்கு முன்பே ஒரு நூலகத்தின் பதிவேட்டில் அளவுகளோடும் நிழற்படத்தோடும் ஏறியிருப்பது. பழைய ஏலப் பட்டியலில் படம் அச்சாகியிருந்தால் அதுவும் நல்லது. படமில்லாமல் "கிரேக்கப் பாப்பிரஸ், சில துண்டுகள்" என்று மட்டும் இருந்தால் அது எந்தத் துண்டுக்கும் பொருந்தும். எகிப்திய அனுமதிச் சீட்டுகளிலும் இதே தொல்லை உண்டு. "ஒரு பெட்டிப் பாப்பிரஸ்" என்று எழுதியிருக்கும் உண்மையான சீட்டை வேறொரு துண்டோடு சேர்த்து விற்பது எளிது. சீட்டிலுள்ள அளவும் துண்டின் அளவும் பொருந்துகிறதா என்பதைப் பார்க்காமல் சீட்டை நம்பக்கூடாது.

மிக நலிவானவை பிரமாணப் பத்திரங்களும், இறந்துபோன ஒருவரின் பெயரும். "பழைய சுவிஸ் சேகரிப்பு", "கெய்ரோவின் மோரிஸ் நாமானிடம் வாங்கியது" போன்ற சொற்றொடர்களுக்கு ஆதாரத் தாள் இல்லையென்றால் அவற்றுக்கு மதிப்பு கிடையாது. நாமான் உண்மையிலேயே பெரிய வணிகர், உண்மையிலேயே ஆயிரக்கணக்கான பொருள்களை விற்றவர். போலி வரலாறு எழுதுகிறவர்கள் அவரைப் போன்ற பெயர்களைத் தேடுவதற்கு அதுவே காரணம். ஷுல்ட்ஸ் வழக்கில் வெளிவந்த முறையும் இதுதான்: 1920களில் திரட்டியதாகத் "தாமஸ் ஆல்காக் சேகரிப்பு" என்ற இல்லாத சேகரிப்பைப் படைத்து, சீட்டுகளைத் தேநீரில் நனைத்துப் பழசாக்கி ஒட்டியிருந்தார்கள்.

தொலைந்த கலைப்பொருள்களின் பதிவேட்டில் தேடி, "பதிவில் இல்லை" என்ற சான்றிதழை விற்பவர் நீட்டுவார். யாரோ புகார் செய்த பொருள் மட்டுமே அந்தப் பதிவேட்டில் இருக்கும். நேற்று மணலிலிருந்து திருட்டுத்தனமாகத் தோண்டியது எந்தப் பட்டியலிலும் இருக்க முடியாது. ஆகவே இந்தச் சான்றிதழ் மிகச் சிறிய ஒரு கேள்விக்கு மட்டுமே பதில்.

ஆவணச் சங்கிலியில் ஒரே ஒரு கண்ணி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2014 இல் உலகம் முழுதும் பேசப்பட்ட சாப்போ பாப்பிரஸே பாடம். கிரேக்கப் பெண்கவி சாப்போவின் அதுவரை அறியாத வரிகள் அதில் இருந்தன. முதலில் அது மம்மி உறையிலிருந்து வந்ததாகச் சொல்லப்பட்டது. பிறகு, 2011 கிறிஸ்டீஸ் ஏலத்தில் விற்ற, அமெரிக்கப் பேராசிரியர் ராபின்சனின் பழைய சேகரிப்பிலிருந்த ஒட்டுத்தாள் கட்டைப் பிரித்தபோது கிடைத்ததாகக் கதை மாறியது. ராபின்சனின் சேகரிப்பு உண்மை, 2011 ஏலமும் உண்மை. அந்தக் கட்டுக்குள் இந்தத் துண்டு இருந்தது என்பதை மட்டும் யாராலும் காட்ட முடியவில்லை. இந்த வரலாற்றை விவரித்த கட்டுரையைப் பிரில் பதிப்பகம் 2021 இல் திரும்பப் பெற்றது. கவிதை போலி என்று யாரும் நிறுவவில்லை. இருந்தும் அதை மேற்கோள் காட்டும் ஒவ்வொருவரும் இன்று தயங்க வேண்டியிருக்கிறது.

மறுபக்கமும் உண்டு. கிடைத்த இடம் துல்லியமாகத் தெரிந்த துண்டும் திருட்டுப் பொருளாக இருக்கலாம். ஆங்கிலேய அறிஞர்கள் கிரென்ஃபெல், ஹண்ட் இருவரும் 1896 முதல் 1907 வரை எகிப்தின் பண்டைய ஆக்சிரிங்கஸ் நகரின் குப்பைமேடுகளில் தோண்டியெடுத்த பாப்பிரஸ்கள் ஆக்ஸ்ஃபோர்டில் எகிப்து ஆய்வுச் சங்கத்தின் பொறுப்பில் இருக்கின்றன. அவற்றில் 13 துண்டுகள் வாஷிங்டனின் பைபிள் அருங்காட்சியகச் சேகரிப்பில் இருப்பதைச் சங்கம் 2019 அக்டோபரில் அறிவித்தது. காணாமற்போனவை ஏறத்தாழ 120 என்று பிறகு தெரியவந்தது. பெரும்பாலான துண்டுகளோடு அவற்றின் பட்டியல் அட்டையும் நிழற்படமும் சேர்ந்தே மறைந்திருந்தன. சங்கத்திடம் இரண்டாம் படி இருந்ததால்தான் அடையாளம் காண முடிந்தது. அவற்றை எடுத்து விற்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட ஆக்ஸ்ஃபோர்ட் பேராசிரியர் அதை மறுத்தார். வாங்கிய, அந்த அருங்காட்சியகத்தை நிறுவிய குடும்பத்தின் ஹாபி லாபி நிறுவனமோ, 2010 முதல் 2013 வரை எழுபது லட்சம் டாலருக்கு மேல் கொடுத்ததாக 2021 இல் வழக்குத் தொடுத்தது.

இதனால் வாங்குபவருக்குச் செலவில்லாத ஒரு வேலை இருக்கிறது. பணம் கொடுப்பதற்கு முன்பு துண்டின் இருபுறப் படத்தையும் மில்லிமீட்டர் அளவையும் எகிப்து ஆய்வுச் சங்கத்துக்கு அனுப்பி, உங்கள் பதிவில் உண்டா என்று எழுத்தில் கேட்பது. டிரிஸ்மெகிஸ்டோஸ், பாப்பிரை டாட் இன்ஃபோ ஆகிய தரவுத்தளங்களில் உரையின் நான்கைந்து சொற்களைக் கொண்டு தேடுவது இரண்டாவது வேலை. வேறொரு நூலகத்தின் எண்ணோடு அதே உரை அச்சாகியிருப்பது அங்கே தெரிந்துவிடும். இவ்விரண்டுக்கும் விற்பவர் ஒப்பவில்லை, அவகாசம் தரவில்லை, ரகசியம் காக்கச் சொல்கிறார் என்றால் அத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

சட்டப்படி எந்தக் குறையும் இல்லாமலேயே வருத்தம் தரும் விற்பனையும் உண்டு. ஆக்சிரிங்கஸ் துண்டுகள் பலவற்றைச் சங்கம் அந்நாளில் நன்கொடையாளர்களான கல்லூரிகளுக்கும் இறையியல் பள்ளிகளுக்கும் பகிர்ந்தளித்தது. யோவான் நற்செய்தியின் மூன்றாம் நூற்றாண்டுத் துண்டு ஒன்று அப்படி அமெரிக்க இறையியல் பள்ளி ஒன்றுக்குப் போய், 2003 இல் சதபீஸ் ஏலத்துக்கு வந்தது. படிப்பதற்காகக் கொடுத்ததை விற்றுக் காசாக்குவது முறையா என்ற கேள்விக்கு எந்த ஆவணமும் பதில் சொல்லாது. பொதுமக்கள் பார்க்கக்கூடிய நூலகம் வாங்குமானால் இதில் தவறில்லை என்பது எங்கள் கருத்து. தனி அலமாரிக்குள் போகுமானால் தவறுண்டு.

இரண்டாவது வழி: இணையத்தில் மலிவாக

சில நூறு டாலருக்குத் துண்டுகள் கிடைக்கும் இடம் இது. மூன்று வகைச் சரக்கு வருகிறது: போலி, திருட்டு, பெரிய சுவடியிலிருந்து வெட்டிப் பிரித்தது. வாங்குபவரால் மூன்றையும் பிரித்தறிய முடியாது.

போலியைக் கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் போதும் என்ற நம்பிக்கையை 2012 இல் ஹார்வர்ட் பேராசிரியர் கேரன் கிங் வெளியிட்ட, இயேசு "என் மனைவி" என்று சொல்வதாக வரும் "இயேசுவின் மனைவி" துண்டு உடைத்தது. கரிமக் காலக்கணிப்பு அந்தப் பாப்பிரஸ் ஆயிரம் ஆண்டுக்கு மேல் பழையது என்றது. மையும் பண்டைய முறைக் கரி மையே. இருந்தும் போலி. காலக்கணிப்பு தாளின் வயதைச் சொல்லும், எழுத்தின் வயதைச் சொல்லாது. எழுதப்படாத பழைய பாப்பிரஸ் சந்தையில் கிடைக்கிறது. புகைக்கரியும் பிசினும் கலந்தால் பழைய செய்முறை மை தயார். உண்மையைக் காட்டிக்கொடுத்தவை வேறு இரண்டு. அதன் வரிகள் தோமா நற்செய்தியின் இணையப் பதிப்பிலிருந்து, அங்கிருந்த அச்சுப்பிழை உட்பட, எடுக்கப்பட்டிருந்தன. அதே உடைமையாளரிடமிருந்து அதே கையெழுத்தில் வந்த யோவான் துண்டோ, 1924 இல் அச்சான ஒரு பதிப்பின் ஒன்றுவிட்டு ஒரு வரியைப் பார்த்து எழுதியது. 2016 இல் பத்திரிகையாளர் ஏரியல் சபார் அது கைமாறிய வரலாற்றைத் தோண்டியதும் முடிவு வந்துவிட்டது. நான்கு ஆண்டு ஆய்வுக்கூடங்கள் சொல்லாததைக் கைமாறிய வரலாறு சொன்னது.

உருப்பெருக்கியின் கீழ் நீங்களே பார்க்கக்கூடியவையும் உண்டு. மேலடுக்கு நார் உதிர்ந்த இடத்தில் கீழடுக்கின் மேல் மை இருந்தால், உதிர்ந்த பிறகு எழுதியது என்று பொருள். ஓட்டையை ஒட்டி எழுத்து சுருங்கி வளைந்து போவதும், கிழிந்த விளிம்பின் வெட்டுவாயில் மை வழிந்திருப்பதும் அப்படித்தான். உண்மைத் துண்டில் ஓட்டை எழுத்தைத் தின்றிருக்கும், எழுத்து ஓட்டைக்கு வழிவிட்டிருக்காது. சுற்றுலாக் கடைப் பாப்பிரஸ் இன்னொரு வகை. எகிப்தில் மறைந்துபோயிருந்த பாப்பிரஸ் செய்முறையை ஹசன் ரகாப் 1960களில் மீட்டெடுத்த பிறகு வந்தவை அவை. வாழைநாரில் செய்த போலித் தாளும் அதன் பெயரில் விற்கிறது.

"மம்மி முகமூடியிலிருந்து கிடைத்தது" என்று சொல்லும் விற்பனையைத் தொடவே கூடாது. பழைய பாப்பிரஸ் தாள்களை ஒட்டிச் சுண்ணம் பூசிச் செய்த உறைக்குக் கார்ட்டனாஜ் என்று பெயர். அதைச் சவர்க்கார நீரில் ஊறவைத்துக் கரைத்தால் தாள்கள் பிரியும். முகமூடி அழியும், அதன் வண்ணப்பூச்சு அழியும், எந்தத் தாள் எதனோடு ஒட்டியிருந்தது என்ற செய்தியும் அழியும். மேலும், எழுதிய பாப்பிரஸைக் கொண்டு உறை செய்வது ரோமப் பேரரசர் அகஸ்டஸ் காலத்தோடு, அதாவது கி.பி. முதல் நூற்றாண்டின் தொடக்கத்தோடு, ஏறத்தாழ நின்றுபோனது. அதிலிருந்து புதிய ஏற்பாட்டுத் துண்டு கிடைத்ததாகச் சொன்னால் காலமே இடிக்கிறது. முதல் நூற்றாண்டு மாற்கு நற்செய்தி என்று 2012 முதல் முழங்கப்பட்ட துண்டு, 2018 இல் வெளியானபோது ஆக்சிரிங்கஸ் அகழாய்வுத் துண்டாகவும், இரண்டாம் நூற்றாண்டின் இறுதி அல்லது மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்ததாகவும் இருந்தது.

மூன்றாவது வழி: காப்பாற்றுவதற்காக வாங்குவது

இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. யூதாஸ் நற்செய்தி அடங்கிய சுவடி 1970களின் இறுதியில் எகிப்தின் மின்யாப் பகுதியில் கிடைத்தது. 1983 இல் ஜெனிவா விடுதி ஒன்றில் அறிஞர்களுக்குக் காட்டப்பட்டது. கேட்ட விலை முப்பது லட்சம் டாலர். அவர்களிடம் அவ்வளவு பணம் இல்லை. பிறகு நியூயார்க் மாநிலத்தின் ஹிக்ஸ்வில் ஊரில் ஒரு வங்கிப் பெட்டகத்தில் பதினாறு ஆண்டு கிடந்து நொறுங்கியது. 2000 இல் வாங்கிய வணிகரிடமிருந்து பெற்ற இன்னொரு வணிகர் அதைக் குளிர்பதனப் பெட்டியில் உறைய வைத்தார். நாரின் உயிரணுக்களில் இருந்த ஈரம் உறைந்து நார்களைப் பிளந்தது, மேற்பரப்பு கருத்தது. 2006 இல் வெளியிடுவதற்குள் ஏராளமான பொடித் துண்டுகளை ஒட்டவேண்டியிருந்தது. 1983 இலேயே வாங்கியிருந்தால் இன்று கூடுதலாகப் பல வரிகள் இருந்திருக்கும் என்பதை மறுக்க முடியாது.

ஆனால் அந்த முப்பது லட்சம் என்ற எதிர்பார்ப்பு எங்கிருந்து வந்தது? முன்பு வாங்கியவர்கள் கொடுத்த விலையிலிருந்து. காப்பாற்றுகிற ஒவ்வொரு கொள்முதலும் அடுத்த தோண்டலுக்கான முன்பணம். அந்தச் சுவடியோடு சேர்ந்து கிடைத்த கிரேக்கக் கணித நூல், யாத்திராகமம், பவுலின் கடிதங்கள் ஆகியவை பிரிக்கப்பட்டுப் பல கைகளுக்குச் சிதறின. ஒன்று மீண்டது, மற்றவை உடைந்தன.

தமிழ் வாசகர் இந்த இடத்தில் நேர்மையாக எதிர்கொள்ள வேண்டிய ஆவணம் ஒன்று உண்டு: முசிறிப் பாப்பிரஸ். வியன்னாவில் ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் ஜி 40822 என்ற எண்ணில் இருக்கிறது. ஒருபுறம் முசிறி வணிகம் தொடர்பான கடன் உடன்பாடு. மறுபுறம் ஹெர்மாபொல்லோன் என்ற கப்பலில் வந்த சரக்கின் கணக்கு: கங்கைச் சடாமாஞ்சி, தந்தம், துணி. கூட்டுத்தொகை 1,154 தாலந்து 2,852 திராக்மா. யவனர் பொன்னோடு வந்து கறியோடு (மிளகோடு) பெயர்ந்த துறைமுகத்தைப் பற்றிச் சங்கப் பாடல் சொல்வதற்கு, அக்கரையிலிருந்து கிடைத்த கணக்குத் தாள். சேரநாட்டுக் கடல்வணிகம் பற்றி எழுதும் எவரும் இதைத் தொடாமல் போவதில்லை.

நூலகம் அதை 1980 இல் சந்தையில் வாங்கியது. 1985 இல் ஹாராவர், சைப்பெஸ்டைன் இருவரும் வெளியிட்டார்கள். யுனெஸ்கோ உடன்படிக்கைக்குப் பத்து ஆண்டு கழித்து, கிடைத்த இடம் தெரியாமல் வந்த துண்டு அது. இன்றைய நெறிகளின்படி நிராகரிக்க வேண்டியது. அப்படி நிராகரித்திருந்தால் நமக்கு இந்தக் கணக்கு கிடைத்திருக்காது. இந்த இழப்பைச் சிறிதாக்கிக் காட்ட நாங்கள் விரும்பவில்லை.

ஆனாலும் கிடைக்காமல் போனதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கடன் உடன்பாடு முசிறியில் எழுதப்பட்டதா, அலெக்சாந்திரியாவிலா என்பதில் அறிஞர்கள் இன்றும் பிரிந்து நிற்கிறார்கள். கடன் கொடுத்தவர் பெயரும் வாங்கியவர் பெயரும் இல்லை. இந்தத் தாள் ஒரு வணிகரின் வீட்டிலா, சுங்க அலுவலகத்திலா, குப்பைமேட்டிலா இருந்தது என்பது தெரிந்திருந்தால் இந்த விவாதத்தில் பாதி தீர்ந்திருக்கும். பக்கத்தில் கிடந்த தாள்களில் அதே மனிதரின் மற்றக் கணக்குகள் இருந்திருக்கலாம். முறையான தோண்டல் என்ன தரும் என்பதற்குச் செங்கடல் கரையின் குசைர் அல்-கதீம் சான்று. அங்கே அகழாய்வில் கிடைத்த பானை ஓட்டில் "பானை ஒறி" (ஒறி என்பது உறி) என்று தமிழ்ப் பிராமியில் எழுதியிருக்கிறது. இரண்டே சொல். ஆனால் எந்த ஊர், எந்தக் குழி, எந்த அடுக்கு, கூட என்ன கிடைத்தது என்பதெல்லாம் தெரிவதால், தமிழ் எழுதத் தெரிந்தவர்கள் அந்தத் துறைமுகத்தில் புழங்கினார்கள் என்று தயங்காமல் சொல்ல முடிகிறது.

எனவே எங்கள் நிலை இது: 1980 இல் வாங்கியவர்களைக் குற்றம் சொல்வதற்கில்லை, இன்று அதே போன்ற ஒன்று வந்தால் வாங்கக்கூடாது. எகிப்தின் சுற்றுலா, தொல்பொருள் அமைச்சகத்துக்குத் தெரிவித்து, அவர்கள் எழுத்தில் ஒப்புக்கொண்டு, பொருள் நேரே அவர்களிடம் போகும் என்ற ஏற்பாடு இருந்தால் மட்டும் விதிவிலக்கு. "வாங்கி வெளியிட்ட பிறகு தருவோம்" என்ற வாக்குறுதி போதாது.

நான்காவது வழி: வாங்காமல் ஆய்வு மட்டும்

பணம் கைமாறாவிட்டாலும் அறிஞரின் கையெழுத்துக்கு விலை உண்டு. யாரென்று தெரியாத துண்டு, "இன்னார் படித்து இது சாப்போ என்றார்" என்றதும் பல மடங்கு விலையேறும். அமெரிக்கப் பாப்பிரஸ் ஆய்வாளர் சங்கம் 2007 இல் சட்டவிரோத வணிகத்துக்கு எதிராகத் தீர்மானம் நிறைவேற்றியதன் காரணம் இதுவே. விற்பனைக்கு முன் வாய்மொழியாகக் கருத்துச் சொல்வதையும் தவிர்க்க வேண்டும். வெளியிட்டே ஆகவேண்டும் என்றால், ஆவணங்களின் படங்களைக் கட்டுரையின் முதல் பக்கங்களிலேயே தரவேண்டும், "ஐரோப்பியத் தனிச் சேகரிப்பு" என்று எழுதி மூடக்கூடாது.

ஐந்தாவது வழி: பெட்டிகளில் இருப்பதைப் படிக்கப் பணம் தருவது

ஆக்சிரிங்கஸ் துண்டுகள் மட்டும் ஏறத்தாழ 5,00,000. எண்பதுக்கு மேற்பட்ட தொகுதிகள் வந்தும் படித்து வெளியானது மிகச் சிறு பங்கு. வியன்னாவில் ஏறத்தாழ 1,80,000 பொருள்கள். கலிபோர்னியாவின் பெர்க்லியில், எகிப்தின் தெப்துனிஸ் ஊரிலிருந்து வந்தவை 26,000க்கு மேல். கிடைத்த இடம் தெரிந்த, திருட்டுச் சந்தேகமில்லாத உரைகள் இவற்றுள் ஏராளம். படிப்பதற்கு ஆளும் பணமும் இல்லை.

பணம் எங்கே போகும்? சுருண்டு மடிந்த துண்டை ஈர ஒற்றுத்தாளுக்கு இடையில் வைத்து மெல்ல இளக்க வேண்டும். நார்களை நுண்ணோக்கியின் கீழ் இடுக்கியால் நேர்ப்படுத்த வேண்டும். கோதுமை மாப்பசை தொட்ட ஜப்பானியத் தாள்கீற்றால் அங்கங்கே பிடித்து, இரு கண்ணாடிகளுக்கு இடையில் பூட்ட வேண்டும். முந்தைய தலைமுறை செய்த ஒட்டுநாடாவையும் ஒளிபுகும் மென்படலத்தையும் நீக்குவது இதைவிடக் கடினம், ஏனென்றால் அவை மையோடு உரிந்து வரும். அதன் பிறகு அகச்சிவப்புப் படம்: கருத்துப்போன நாரில் கண்ணுக்குத் தெரியாத கரி மை அதில் தெளியும். ஒரு பயிற்சிபெற்ற பாதுகாப்பாளரின் ஓராண்டுச் சம்பளம், ஏலத்தில் விற்கும் ஒரே ஒரு நல்ல இலக்கியத் துண்டின் விலையை எட்டாது.

இதன் பயனைக் காட்டிய மிகப் பெரிய முயற்சி, இத்தாலியின் பண்டைய நகரமான எர்குலேனியத்தின் சுருள்கள். வெசுவியஸ் வெடிப்பில் கரியாகிப்போன, பிரித்தால் நொறுங்கும் சுருள்களைத் துகள்முடுக்கிக் கதிரால் படமெடுத்து, கணினியால் விரித்துப் படிக்கும் போட்டி 2023 இல் தொடங்கியது. 2024 பிப்ரவரியில் மூன்று இளைஞர்கள் 7,00,000 டாலர் பரிசு பெற்றார்கள். 2,000 எழுத்துக்கு மேல், பதினைந்து பத்திகள், இரண்டாயிரம் ஆண்டாக யாரும் படிக்காதவை. அதற்காக எந்தச் சுருளும் சந்தையில் வாங்கப்படவில்லை.

இந்த வழியின் குறையையும் சொல்ல வேண்டும். கொடுப்பவர் கையில் பொருள் எதுவும் மிஞ்சாது. காட்சிக்கு வைக்க ஒன்று வேண்டும் என்ற நிறுவனங்கள், நூலகங்களிடம் குறுங்காலக் கடனாகப் பெறலாம். ஒளி 50 லக்ஸுக்குள், ஈரப்பதம் ஏறியிறங்காமல் வைத்திருக்க முடிந்தால் பலரும் இசைவார்கள்.

ஏற்கெனவே ஒன்று கையில் இருந்தால்

தாத்தா எகிப்தில் வேலை பார்த்தபோது வாங்கிய துண்டு வீட்டில் மாட்டியிருக்கிறது என்பது போன்ற நிலை பலருக்கு வரும். முதலில் எதையும் செய்யாதீர்கள். சட்டகத்தைப் பிரிக்க வேண்டாம். அதன் பின்னட்டையும், ஒட்டியிருக்கும் பழைய சீட்டும், சுற்றியிருந்த செய்தித்தாளும் துண்டுக்கு இணையான சான்றுகள், தூக்கியெறிய வேண்டாம். கண்ணாடியை மாற்றி அக்ரிலிக் போட வேண்டாம், அதன் நிலைமின்சாரம் உதிர்ந்த நார்களை இழுத்துக்கொள்ளும். சாளரத்துக்கு எதிரே இருந்தால் எடுத்து நிழலில் வையுங்கள்.

பிறகு அளவுகோல் வைத்து இருபுறமும் படமெடுங்கள், ஒரு படம் பக்கவாட்டு ஒளியில். குடும்பத்தில் மூத்தவர்கள் சொல்வதைத் தேதியோடு எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு, வேலை ஒப்பந்தம், பழைய கடிதம் ஆகியவற்றின் நகல்களைச் சேருங்கள். விலை மதிப்பிட வணிகரிடம் போவதற்கு முன்பு, ஒரு பல்கலைக்கழகப் பாப்பிரஸ் ஆய்வாளரிடமோ எகிப்து ஆய்வுச் சங்கத்திடமோ கேளுங்கள்.

1972க்கு முந்தைய சான்று வலுவாக இருந்தால் பொது நூலகத்துக்குக் கொடுப்பது நல்லது. சான்று இல்லையென்றால் பெரும்பாலான நூலகங்கள் இலவசமாகவும் ஏற்காது, ஏற்கவும் கூடாது. அப்போது எகிப்தியத் தூதரகம் வழியாகத் திருப்பித் தருவதே வழி. பைபிள் அருங்காட்சியகமே போதிய சான்றில்லாத, பாப்பிரஸ் துண்டுகள் அடங்கிய ஏறத்தாழ 5,000 தொல்பொருள்களை 2021 இல் எகிப்துக்கு அனுப்பியது. எழுத்தில் விண்ணப்பித்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகைச் சீட்டில் துண்டின் அளவும் படமும் இருக்கும்படி கேளுங்கள். அஞ்சலிலோ கூரியரிலோ அனுப்ப வேண்டாம். கண்ணாடிச் சட்டகத்தை இரு நுரைப்பலகைகளுக்கு இடையில் வைத்து, படுக்கைவாட்டில் தட்டையாகப் பிடித்து, நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள்.